வெப்பநிலையும் விலங்கின் வாழ்வும்

விலங்குகள் உயிர்வாழ்தற்குரிய வெப்ப எல்லை மிகக் குறுகியது. ஞாயிற்றின் மேற்பரப்பு ஏறத்தாழ 5,500 பாகை செல்சியசு வெப்பமுடையது. விண்வெளியின் தண்மையோ பூச்சியத்துக்குக் கீழ் 270 பாகை. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நெடிய அளவுகோலிலே, நீர் உறையும் நிலைக்கும் 45 பாகைக்கும் நடுவே அமைந்த சிறியதோர் இடைவெளியிலேதான் பெரும்பாலான விலங்குகளின் வாழ்வு முழுவதும் நிகழ்கின்றது. அவ்விடைவெளிக்குள்ளும் ஒவ்வோர் இனத்துக்கும் உரிய பங்கு வேறு வேறானது. சிலவற்றின் பங்கு அகன்றது. சிலவற்றின் பங்கு ஒடுங்கியது. இவ்வேறுபாட்டுக்குக் காரணம் யாது, உலகம் வெப்பமடைந்து வரும் இக்காலத்தில் அதனால் விளையக்கூடியது யாது என்னும் வினாக்கள் ஆராய்தற்குரியன.

உடலினுள்ளே நிகழும் இரசாயனத் தாக்கங்கள் யாவும் வெப்பநிலைக்குக் கட்டுப்பட்டவை. வெப்பநிலை பத்துப் பாகை உயரின் இத்தாக்கங்களின் வேகம் ஏறத்தாழ இருமடங்காகும். சிலபோது மும்மடங்கும் ஆகும். வெப்பநிலை தாழின் அவ்வாறே மந்தமடையும். இத்தாக்கங்களை நடத்துவன நொதியங்கள் எனப்படும் புரதங்கள். புரதத்தின் செயல் அதன் வடிவத்தைப் பொறுத்தது. வெப்பம் அளவு கடந்தவிடத்து அவ்வடிவம் குலைகின்றது. முட்டையின் வெண்கரு கொதிநீரிலே கட்டியாவது இதற்கு யாவரும் அறிந்த சான்று. கட்டியான வெண்கரு ஆறியபின்னும் பழைய நிலையை அடைவதில்லை. குளிர் மிகுந்தவிடத்து நேரும் கேடு வேறுவகையானது. உடலிலுள்ள நீர் உறையும்போது தோன்றும் பனிப்பளிங்குகள் கலங்களின் மென்சவ்வுகளைக் கிழிக்கின்றன. கலங்களினுள்ளே இருக்கும் நீரும் வெளியே இழுக்கப்பட, அவை வற்றிச் சுருங்குகின்றன. மேலெல்லையிலே உருக்குலைவு, கீழெல்லையிலே உறைவு என்னும் இவ்விரண்டுக்கும் நடுவே ஒவ்வொரு விலங்கும் தன் வாழ்வை நடத்த வேண்டியுள்ளது.

இவ்வெல்லைகளுக்குள் நிற்பதற்கு விலங்குகள் இருவகை வழிகளைக் கைக்கொள்கின்றன. பறவைகளும் முலையூட்டிகளும் தாம் உண்ணும் உணவைக்கொண்டு தம் உடலினுள்ளேயே வெப்பத்தை ஆக்கி, அதனை ஒரே அளவிற் பேணுகின்றன. பூச்சி, மீன், தவளை, பல்லி முதலிய ஏனையவை பெரும்பாலும் புறத்தேயிருந்தே வெப்பத்தைப் பெறுகின்றன. இவற்றைக் குளிர்க்குருதி விலங்குகள் என்று கூறுதல் நெடுநாளைய வழக்கு. அவ்வழக்குப் பொருத்தமானதன்று. வெயிலிலே வேலிமீதிருக்கும் ஓணானின் குருதி மனிதனின் குருதிக்கு இணையான சூடுடையதாக இருத்தல் கூடும். கோள்ஸ், போகேட் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் பாலைநில ஊர்வனவற்றை ஆராய்ந்து 1944 இல் வெளியிட்ட கட்டுரை, இவ்விலங்குகள் வெப்பத்துக்கு வெறும் அடிமைகளல்ல என்பதைத் தெளிவாக்கிற்று. காலையில் உடலை வெயிலுக்குக் குறுக்கே விரித்துக் கிடத்தல், நண்பகலில் நிழலுக்கோ வளைக்கோ செல்லுதல், மாலையில் சூடான கல்மீது படுத்தல் ஆகிய செயல்களால் அவை தம் உடல் வெப்பநிலையை வியத்தகு துல்லியத்தோடு பேணுகின்றன. முலையூட்டி உணவினாற் செய்வதைப் பல்லி நடத்தையினாற் செய்கின்றது.

இவ்விரு வழிகளுள் ஒன்றை உயர்ந்ததென்றும் மற்றதைத் தாழ்ந்ததென்றும் கூறுதற்கில்லை. உடலினுள்ளே வெப்பத்தை ஆக்கும் விலங்கு இரவிலும் பனியிலும் தொழிற்படவல்லது. ஆயின் அதற்காக அது ஓயாது உண்ண வேண்டும். மூஞ்சூறு இனத்தைச் சேர்ந்த மிகச் சிறிய விலங்குகள் ஒரு நாள் முழுவதும் உணவின்றியிருப்பின் இறந்துபடும். முதலையோ பல மாதங்கள் உண்ணாதிருந்தும் உயிர்வாழும். முன்னது பெருஞ்செலவிற் பெற்ற சுதந்திரம். பின்னது சிக்கனத்தாற் பெற்ற பொறுமை.

வெப்பத்தை ஆக்குதலோடு அதனைக் காத்தலும் வேண்டும். இங்கே உடலின் பருமனும் வடிவமும் சிறப்பிடம் பெறுகின்றன. சதுரமுகி ஒன்றின் பக்கநீளத்தை இருமடங்காக்கினால் அதன் மேற்பரப்பு நான்கு மடங்காகும். கனவளவோ எட்டு மடங்காகும். வெப்பம் வெளியேறுவது மேற்பரப்பினூடாகவே ஆதலின், பேருடல் தன் வெப்பத்தை மெதுவாகவே இழக்கும். வெப்பநிலை மாறாத விலங்குகளிலே நெருங்கிய உறவுடைய இனங்களுள் குளிர்நாட்டுக்குரியவை பெரியனவாயிருக்கும் என்னும் விதியை ஜேர்மனியரான கார்ள் பேர்க்மன் 1847 இல் எடுத்துரைத்தார். காது, வால், கால் முதலிய புறவுறுப்புக்கள் குளிர்நாட்டிலே குறுகியும் வெப்பநாட்டிலே நீண்டும் இருக்கும் என்பது அமெரிக்கரான அலன் 1877 இல் கூறிய விதி. வடமுனை வெண்ணரியின் சிறிய வட்டக் காதுகளையும் சகாரா நரியின் மிகப் பெரிய காதுகளையும் ஒப்பிட்டு நோக்குவோர் இரண்டாம் விதியின் பொருளை எளிதில் உணர்வர். இவ்விதிகளுக்கு விலக்குக்கள் பல உண்டு. வெப்பநாட்டில் வாழும் யானை பேருடல் படைத்தது. அதனால் நேரும் இடரை அது அகன்ற செவிகளை அசைத்தும், நீரையும் சேற்றையும் உடலிற் பூசியும், நிழலை நாடியும் தீர்த்துக்கொள்கின்றது. கோடையிலே மின்னேரியாக் குளத்தின் நீர் வற்றி இறங்கும்போது யானைகள் கூட்டங்கூட்டமாக அங்கே வந்து சேர்வது புதிதாய் முளைக்கும் புல்லையும் எஞ்சிய நீரையும் நாடியே. உடலமைப்புத் தர இயலாததை வாழிடம் தருகின்றது.

மாறுபாடு மிகுந்த வாழிடங்கள் விலங்குகளுக்கு எத்துணை நெகிழ்ச்சியைத் தந்துள்ளன என்பதை அறிய ஒட்டகம் சிறந்த எடுத்துக்காட்டாகும். ஒட்டகத்தின் திமிலிலே நீர் நிறைந்துள்ளது என்பது பழைய தவறான எண்ணம்; அங்கே இருப்பது கொழுப்பே. அதன் உண்மையான திறனை 1950களிலே அல்சீரியாவின் சகாராப் பகுதியில் கினூட் சிமிட் நீல்சன் என்னும் உடற்றொழிலியலறிஞர் அளந்து கண்டார். நீர் கிடையாத ஒட்டகத்தின் உடல் விடியற்காலையில் 34 பாகைவரை தாழ்ந்து, பிற்பகலில் 40 பாகைக்கு மேலும் உயர்கின்றது. மனிதனுக்கு இது கடுங்காய்ச்சல்; ஒட்டகத்துக்கு இது சேமிப்பு. பகல் வெப்பத்தை வியர்வையினால் உடனுக்குடன் வெளியேற்றாது உடலில் ஏற்றுக்கொண்டு, இரவின் குளிரிலே நீர்ச்செலவின்றி வெளிவிடுகின்றது. 500 கிலோகிராம் நிறையுள்ள ஒட்டகம் இவ்வகையில் நாளொன்றுக்கு நான்கு இலீற்றருக்கு மேற்பட்ட நீரை மிச்சப்படுத்துகின்றது. பாலை வெப்பத்திலே மனிதன் தன் உடல் நிறையில் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்களவு நீரை இழப்பின் பிழைத்தல் அரிது. ஒட்டகம் நூற்றுக்கு இருபத்தைந்து பங்கு இழந்தும் உயிரோடிருக்கும். நீரைக் கண்டபோது பத்து நிமிடங்களில் நூறு இலீற்றரளவு குடித்து இழப்பை ஈடுசெய்யும். அதன் முதுகிலுள்ள அடர்ந்த மயிரும் வெயிலை உடலிற் படாது தடுக்கும் போர்வையே. அம்மயிரைக் கத்தரித்தபோது ஒட்டகம் முன்னையிலும் ஒன்றரை மடங்கு நீரை இழந்தமை அவ்வாய்விலே காணப்பட்டது.

வட அமெரிக்காவின் காட்டுத்தவளை மறுகோடியிலுள்ள எடுத்துக்காட்டு. அலாஸ்கா வரை பரவியுள்ள இத்தவளை மாரிகாலத்தில் ஆழமாக நிலத்தைத் தோண்டிப் புகுவதில்லை. காய்ந்த இலைகளின் கீழே கிடந்து உறைந்துபோகின்றது. அதன் உடல் நீரில் ஏறத்தாழ மூன்றிலிரண்டு பங்கு பனிக்கட்டியாகும். மூச்சு நின்றுவிடும், இதயமும் துடிப்பதில்லை. வேனில் வந்ததும் அது உருகி எழுந்து குளத்தை நோக்கித் தாவிச் செல்லும். உடல் உறையத் தொடங்கியதும் ஈரல் பெருமளவு குளுக்கோசைக் குருதியிற் சேர்க்கின்றது. அது கலங்களினுள்ளே புகுந்து அங்குள்ள நீரை உறையாது காக்கின்றது. பனிக்கட்டி கலங்களுக்கு வெளியே மட்டும் தோன்றுவதால் உயிர் அழிவதில்லை. இத்தவளையும் இதுபோன்ற சிலவும் உறைந்தும் உயிர்வாழ்தல் 1982 இல் அறிஞருலகுக்கு அறிவிக்கப்பட்டது. அதே அலாஸ்காவில் வாழும் நிலவணில் முலையூட்டியாயிருந்தும், மாரித்துயிலின்போது தன் உடல் வெப்பநிலையைப் பூச்சியத்துக்குக் கீழ் ஏறத்தாழ மூன்று பாகைவரை தாழ்த்துகின்றது என்பது 1989 இல் வெளியான ஆய்வால் அறியப்பட்டது. இரண்டு மூன்று வாரங்களுக்கொருமுறை அது உடலைச் சூடாக்கி, ஒரு நாளுக்கும் குறைந்த நேரம் விழிப்புற்று, மீண்டும் துயிலில் ஆழ்கின்றது.

ஒட்டகமும் காட்டுத்தவளையும் நிலவணிலும் வாழும் இடங்கள் ஒன்றில் ஒத்தவை. பகலுக்கும் இரவுக்குமிடையிலோ, கோடைக்கும் மாரிக்குமிடையிலோ அங்கே வெப்பநிலை பெரிதும் வேறுபடும். மாற்றத்தைத் தாங்க மாட்டாதவை அங்கே நிலைத்திருக்கவில்லை, தாங்கவல்லவையே எஞ்சின. அவ்வாறாயின், என்றுமே மாற்றமில்லாத ஓரிடத்தில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த விலங்குகளின் நிலை யாது? இவ்வினாவுக்கு விடை தென்முனைக் கடலிலே கிடைத்தது.

அந்தாட்டிக்காவைச் சூழ்ந்த கடலின் மிகத் தென்பகுதிகளிலே நீரின் வெப்பநிலை ஆண்டு முழுவதும் பூச்சியத்துக்குக் கீழ் 1.9 பாகையை ஒட்டியே நிற்கின்றது. உப்பு மிகுதியால் அந்நீர் திரவமாகவே இருக்கும். பிற கடல்களில் வாழும் மீனின் குருதியோ பூச்சியத்துக்குக் கீழ் ஒரு பாகையை எட்டுமுன்பே உறைந்துவிடும். அந்தாட்டிக்கா மீன்கள் உறையாதிருப்பதற்குக் காரணம் அவற்றின் குருதியிலுள்ள ஒருவகைக் கிளைக்கோபுரதம் என்பதை ஆதர் டெவ்ரீஸ் 1960களில் கண்டறிந்தார். அப்புரதம் நுண்ணிய பனிப்பளிங்கோடு ஒட்டிக்கொண்டு, அது மேலும் வளராது தடுக்கின்றது. இம்மீன்களுள் ஒரு குடும்பத்துக்குக் குருதியில் ஈமோகுளோபினே கிடையாது. நிறமற்ற குருதியையுடைய இம்மீன்களைப் பற்றி நோர்வே நாட்டறிஞர் யோகான் ரூட் 1954 இல் எழுதியபோது அது பெருவியப்பை விளைத்தது. குளிர்நீரில் ஒட்சிசன் மிகுதியாகக் கரைந்திருக்குமாதலாலும், குளிர்ந்த உடலுக்குத் தேவை குறைவாதலாலும், குருதி நீரிற் கரைந்த ஒட்சிசனைக்கொண்டே அவை வாழ முடிகின்றது. அக்குறையை நிரப்பப் பெரிய இதயமும் மிகுந்த குருதியும் அவற்றுக்கு அமைந்துள்ளன.

கடுங்குளிரை வென்ற இம்மீன்கள் அவ்வெற்றிக்குக் கொடுத்த விலை 1967 இல் தெரியவந்தது. ஜோர்ஜ் சொமேரோ, டெவ்ரீஸ் ஆகிய இருவரும் அக்கடலின் சில மீன்களைச் சிறிது சிறிதாகச் சூடேறிய நீரில் வைத்து ஆராய்ந்தனர். நீரின் வெப்பநிலை ஏறத்தாழ ஆறு பாகையை எட்டியதும் அவை இறந்தன. பனிக்கட்டி உருகிய நீரைவிடச் சிறிதே சூடான நீரில், குளிரால் அன்றி வெப்பத்தால் அவை மடிந்தன. மாற்றமே இல்லாத கடலிலே மாற்றத்தைத் தாங்கும் ஆற்றலால் ஒரு பயனுமில்லை. பயனற்ற ஆற்றலை இயற்கைத் தேர்வு பேணுவதில்லை. தலைமுறைகள் கழியக்கழிய அது தேய்ந்து மறைகின்றது. ஆகவே விலங்கொன்றின் தாங்குதிறனை அறிய விரும்புவோர் அதன் வாழிடம் எத்துணை வெப்பமானது என்று மட்டும் வினாவுதல் போதாது. அவ்வெப்பம் எத்துணை மாறுவது என்றும் வினாவுதல் வேண்டும்.

இவ்வுண்மை தென்முனைக் கடலோடு நின்றுவிடுவதன்று. மாற்றம் குறைந்த வாழிடம் உலகில் வேறொன்றும் உண்டு, அது வெப்பமண்டலமே. அங்கே பகலிரவு வேறுபாடு உண்டாயினும், மாதத்துக்கு மாதம் சராசரி வெப்பநிலை சிறிதளவே வேறுபடும். டானியல் ஜான்சன் என்னும் சூழலியலறிஞர் 1967 இல் எழுதிய கட்டுரையொன்றில், வெப்பமண்டலத்து மலைக்கணவாய்கள் குளிர்நாட்டுக் கணவாய்களிலும் உயர்ந்தவை என்று கூறினார். அவர் கருதியது கற்களின் உயரத்தையன்று. குளிர்நாட்டின் பள்ளத்தாக்கில் வாழும் விலங்கு மாரிகாலத்தில் அடையும் குளிர், கோடையிலே மலைக்கணவாயில் நிலவும் குளிரை ஒத்தது. ஆகவே கணவாயின் தட்பவெப்பம் அதற்குப் புதியதன்று. அது மலையைக் கடந்து செல்லும். வெப்பமண்டலப் பள்ளத்தாக்கின் விலங்கோ மலையுச்சியின் குளிரை ஆண்டின் எந்நாளிலும் அறியாது; உச்சியில் வாழ்வதும் பள்ளத்தாக்கின் வெப்பத்தை அறியாது. இரண்டுக்குமிடையே சுவர் எழுப்பியதுபோல வெப்பநிலை நிற்கின்றது.

இலங்கையின் நிலவமைப்பு இதனை விளக்கும். யாழ்ப்பாணத்தின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 28 பாகை. கடல்மட்டத்துக்கு மேல் 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் அது ஏறத்தாழ 16 பாகை. இரண்டு இடங்களும் ஆண்டு முழுவதும் தத்தம் நிலையிலிருந்து பெரிதும் விலகுவதில்லை. நுவரெலியாவையும் ஓட்டன் சமவெளியையும் சூழ்ந்த முகிற்காடுகளிலே மூக்கின்மேற் கொம்புடைய ஓணான் ஒன்று வாழ்கின்றது. அது சேர்ந்த செரத்தோபோரா என்னும் பேரினம் இலங்கையிலன்றி உலகில் வேறெங்கும் இல்லை. காற்றின் வெப்பநிலை ஆயிரம் மீற்றர் உயரத்துக்கு ஏறத்தாழ ஆறரைப் பாகை வீதம் தாழ்வதால், ஒரு பாகை வெப்பம் கூடும்போது பழைய குளிரை வேண்டும் விலங்கு ஏறத்தாழ 150 மீற்றர் மேலே செல்ல வேண்டும். இலங்கையின் மிகவுயர்ந்த பீதுருதாலகால மலையின் உயரம் 2,524 மீற்றர். அதற்கு மேல் ஏறுவதற்கு இடமில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கோப்பிக்காகவும் பின்னர்த் தேயிலைக்காகவும் மலைச்சரிவுக் காடுகள் வெட்டப்பட்டமையால், எஞ்சிய காடுகள் தீவுகள்போலத் தனித்து நிற்கின்றன. மேலே செல்ல வழியிருந்த இடங்களிலும் அவ்வழி அறுபட்டுள்ளது.

வெப்பநாட்டு விலங்குகள் வெப்பத்துக்குப் பழகியவை. ஆதலால் உலகம் வெப்பமடைவதால் அவற்றுக்குத் தீங்கு பெரிதில்லை. குளிர்நாட்டு விலங்குகளே அஞ்ச வேண்டும் என்னும் எண்ணம் பரவலாக உண்டு. மேற்கூறியவற்றை நோக்குவோர் அவ்வெண்ணம் முற்றும் பொருந்தாது என்பதை அறிவர். வெப்பமண்டல விலங்குகள் பல தாம் தாங்கக்கூடிய மேலெல்லைக்கு மிக அருகிலேயே ஏற்கெனவே வாழ்கின்றன. குளிர்நாட்டு விலங்குக்கு அவ்வெல்லைவரை இடைவெளி மிகுதி. வெயில் காயும் ஓணானுக்கு நிழல் ஒரு புகலிடம். அடர்ந்த காட்டின் நிழலிலேயே என்றும் வாழும் பல்லிக்கோ, அந்நிழலே வெப்பமடைந்தபின் புகுவதற்கு வேறிடமில்லை.

நிழலுள்ள இடத்திலும் இடர் நேருதல் கூடும் என்பதை மெக்சிக்கோ நாட்டுப் பல்லிகள் காட்டின. பாரி சினேர்வோவும் அவரோடு சேர்ந்தோரும் 2010 இல் வெளியிட்ட ஆய்வின்படி, அந்நாட்டில் முன்னர்ப் பதிவுசெய்யப்பட்ட 200 இடங்களிலே, 1975 இன் பின் நூற்றுக்குப் பன்னிரண்டு வீதமான இடங்களில் அப்பல்லிகள் அற்றுப்போயின. வெயில் அவற்றை நேரே கொன்றதன்று. வெப்பம் மிகுந்தமையால் அவை நாளின் பெரும்பகுதியை நிழலில் ஒளிந்து கழித்தன; இரைதேடும் நேரம் சுருங்கிற்று; கருவுறும் காலத்தில் வேண்டிய உணவு கிட்டவில்லை; குஞ்சுகள் குறைந்தன. உயிரை ஒரு நாளிற் காத்த அதே நடத்தை, இனத்தைச் சில ஆண்டுகளில் இழக்கச் செய்தது.

இடம்பெயர இயலாதவற்றின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. முருகைக்கற்களை ஆக்கும் சிற்றுயிர்கள் தம் உடலினுள்ளே வாழும் நுண்ணிய அல்காக்களிடமிருந்தே உணவின் பெரும்பங்கைப் பெறுகின்றன. அவற்றின் நிறமும் அவ்வல்காக்களால் வருவதே. வழக்கமான கோடை வெப்பத்துக்கு மேல் ஒரு பாகை மட்டும் கூடிச் சில வாரங்கள் நீடிப்பின், அல்காக்கள் வெளியேற, முருகைக்கல் வெளிறிப்போகின்றது. வெப்பம் விரைவில் தணியாவிடின் அது பட்டினியால் இறக்கின்றது. 1998 இல் இந்து சமுத்திரம் எங்கணும் இவ்வாறு பெருவெளிறல் நிகழ்ந்தது. இக்கடுவையின் முருகைக் கற்பாறைகளும் அதற்குத் தப்பவில்லை. கடலாமையின் முட்டைகளும் இவ்வாறே இடத்தோடு கட்டுண்டவை. குஞ்சு ஆணாவதும் பெண்ணாவதும் முட்டை புதைந்த மணலின் வெப்பநிலையைப் பொறுத்தது. ஏறத்தாழ 29 பாகையில் இருபாலும் சமமாகத் தோன்றும். அதற்கு மேல் பெண்ணே மிகும். அவுத்திரேலியாவின் பெருந்தடுப்புப் பாறைத்தொடரின் வடபாகத்துக் கடற்கரைகளிற் பிறந்த இளம் பச்சையாமைகளுள் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பெண்ணாயிருந்தமை 2018 இல் வெளியான ஆய்விலே கூறப்பட்டது. ஐவகைக் கடலாமைகள் முட்டையிட வரும் இலங்கைக் கரைகளுக்கும் இது பொருளற்ற செய்தியன்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து உலகின் சராசரி வெப்பநிலை ஒரு பாகைக்கு மேல் உயர்ந்துள்ளது. ஒட்டகத்துக்கு ஒரு பாகை ஒரு பொருட்டன்று. முருகைக்கல்லுக்கு அதுவே வாழ்வுக்கும் அழிவுக்குமிடையேயுள்ள தூரம். இசைவாக்கம் என்பது விலங்கினத்துக்கு இயற்கை அளித்த வரம் என்று கூறப்படுவதுண்டு. அவ்வரத்துக்குக் காலம் வேண்டும். அந்தாட்டிக்கா மீன் தன் குருதியை மாற்றியமைப்பதற்குப் பல்லாயிரம் தலைமுறைகள் சென்றன. இன்றைய மாற்றமோ ஒரு மனித ஆயுளுக்குள் நிகழ்கின்றது.

இந்நிலையில் விலங்குகளைக் காக்க விரும்புவோர் செய்யத்தக்கது அவற்றின் வாழிடத்திலே மாறுபட்ட புகலிடங்களைப் பேணுதலாகும். மலையடிவாரம் முதல் உச்சிவரை காடு அறுபடாது தொடருமாயின் மேலேற வேண்டிய விலங்குக்கு வழியுண்டு. கரையோரத்து மரஞ்செடிகள் வெட்டப்படாது நிற்குமாயின் ஆமை முட்டைக்குக் குளிர்ந்த மணலுண்டு. குளக்கரையின் ஆழமான நிழல், ஓடையோரத்து ஈரநிலம், பாறைப்பிளவு, பழமரத்துப் பொந்து ஆகியன நோக்குவோர்க்கு அற்பமாகத் தோன்றலாம். ஓரிரு பாகை வேறுபாட்டில் உயிர்வாழும் விலங்குக்கு அவையே வீடு. வெட்டிய காட்டின் இடத்தில் மரங்களை மீண்டும் நாட்டலாம். அம்மரங்கள் தரும் தண்மையை அவை வளர்ந்து முதிருமுன் பெறுதல் இயலாது. அதற்குள் அத்தண்மையை வேண்டிய உயிர் எஞ்சியிருக்குமா என்பதே இன்றைய வினா.